சாட்சிக்கு ஒரு பிளக் ஸ்பேனர்

ஏனுங்க, இந்தப் பைப்பு உங்க கால்ல இடிக்குதுங்களா? கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறனுங்க. மேல போட்டறலாம்னுதான் பாத்தேன். கண்டக்டர் உடமாட்டேங்கறாரு. பிரேக் அடிச்சா யார் மூஞ்சிலயாவது உழுந்துரும்ங்கறாரு. நியாயந்தாங்க. ஏற்கெனவே ஒரு ஆள் மூஞ்சில பட்டு, அதுக்குப் பேசித் தீக்கத்தான் நானே போய்ட்டிருக்கறேன்.

அட, நகராதீங்க. நான் அடிதடி ஆளில்லீங்க. என்னையப் பாத்தா அப்படியா தெரியுது? இது வீட்டுல தண்ணி மோட்டருக்குப் போட்டது போக மிஞ்சுன துண்டுப் பைப்பு. இந்த மஞ்சப்பைக்குள்ள இருக்கறது பிளக் ஸ்பேனரு. இது பழைய பிளக்கு. இது பாதி பிளக்கு, மிச்சப் பாதி இன்னும் இஞ்சினுக்குள்ள இருக்குது. எல்லாம் சாட்சிக்குங்க. வாயிருக்கற சாட்சி ஒருத்தி இருக்கறா, அவ வாயத் தொறக்கமாட்டேங்கறா. அதனால வாயில்லாத சாட்சியெல்லாம் ஒரு பையில போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போறேன்.

வேலாங்காட்டுக்குங்க. தா.பேட்டைக்கு முந்தின ஸ்டாப்பு, மாமியா ஊரு. நீங்க துறையூருங்களா? அப்பச் சரி, எனக்கப்பறந்தான் எறங்குவீங்க. ஒருத்தர்கிட்டச் சொல்லிப் பாத்துட்டுப் போனா எனக்கும் கோர்வையா வரும்.

என் பேரு சென்னியப்பன். நாமக்கல் பக்கம் பண்ணைகள்ல முட்டை எடுத்துட்டுப் போயி கடைகளுக்குப் போடறது சோலி. சொந்தமா ஒரு சின்ன பிக்கப் வண்டி வெச்சிருக்கறனுங்க, பெட்ரோல் வண்டி. வண்டி இருக்கறவன் ஏன் பஸ்ல வர்றேன்னு கேக்க வர்றீங்க, தெரியுது. அதுதானுங்க கதையே.

கொஞ்ச நாளா வண்டி உதற ஆரம்பிச்சுது. சமதரையில சும்மா போகும், மேடு வந்தா போதும், விக்கல் வந்த மாதிரி ஒரு உலுக்கு. வேற சரக்கா இருந்தா பரவால்லீங்க. சிமெண்டு மூட்டை உதறுனா என்ன, செங்கல் உதறுனா என்ன. இது முட்டை. அட்டை மேல அட்டையா அடுக்கியிருக்கறது. கடையில கொண்டு போயி எறக்குனா மேல்தட்டு சிரிச்சுட்டு இருக்கும், அடித்தட்டு ஒழுகிட்டு இருக்கும். கடைக்காரன் என் மூஞ்சியப் பாப்பான். "என்னுங்க சென்னியப்பன், ஆம்லெட்டாவே போட்டுக் கொண்டாந்துட்டீங்க?"

மெக்கானிக்கு ஓட்டிப் பாத்துட்டு, ஸ்பார்க் பிளக்கு நாலும் தேஞ்சு போச்சு, வண்டிய உட்டுட்டுப் போங்க, மாத்தி வெக்கறேன்னாரு. சரின்னு உட்டுட்டு வந்திருந்தா இன்னைக்கு நீங்க நிம்மதியாத் தூங்கிட்டுப் போயிருப்பீங்க. எனக்கு நாக்குல சனி. டீக்கடையில உக்காந்துட்டு, "இதென்ன பெரிய வித்தை, பல்பு மாத்தற மாதிரிதான், வீட்டுலயே மாத்திருவேன்"னு சொல்லிப்போட்டேன். சொன்னதோட உட்டனா? போன்ல ஒரு வீடியோவ எடுத்து எல்லாருக்கும் காட்டுனேன். அதுல ஒரு ஆளு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் பிளக்கு மாத்தறான். முடிச்ச அப்பறமும் சட்டை வெள்ளையாவே இருக்குது. அதப் பாத்துத்தானுங்க நான் ஏமாந்தேன்.

வீட்டுல வந்து சொன்னேன். என் சம்சாரம் பேரு கோகிலாமணி. நாங்க ரெண்டே பேருதான் வீட்டுல, பொண்ணு ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. கோகிலா சொன்னா, "நமக்கெதுக்குங்க அந்த வேலை, தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்துருங்க"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அடுப்புல பர்னர் அடைச்சா நீ என்ன மெக்கானிக்கையா கூப்படற? ஊசியில குத்தி நீயே சரி பண்றயில்ல? அது மாதிரிதான் இதுவும்"ன்னேன். அவ சிரிச்சுட்டு, "சரி, என்ன புடிக்கோணும்னு சொல்லுங்க, புடிக்கறேன்"னா. நல்லவதாங்க. கெட்டவன்னு நான் எங்கயும் சொல்லமாட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலைல, இஞ்சின் சில்லுனு இருக்கறப்ப ஆரம்பிச்சோம். நம்ம வண்டிக்கு இஞ்சினு முன்னால இருக்காதுங்க, டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கும். சீட்டத் தூக்கோணும். எனக்குச் சீட்டத் தூக்கத் தெரியல. இத்தனை வருசமா அதே சீட்டு மேலதான் உக்காந்திருக்கறேன், அத எப்படித் தூக்கறதுன்னு தெரியல. இழுக்கறேன், ஆட்டறேன், முட்டுக் குடுத்து நெம்பறேன். கோகிலா கைய உட்டு சைடுல ஒரு கொக்கிய இழுத்தா, தானா வந்துருச்சு. "எப்படித் தெரியும்?"னேன். "நீங்க சந்தைக்கு உள்ள போறப்ப நான் இதுலதானுங்க உக்காந்திருக்கறேன், வேற என்னத்தப் பாக்கறது?"ன்னா. அப்பவே ஸ்பேனர அவ கையில குடுத்துட்டு நான் லைட்டு புடிச்சிருக்கோணும்.

உள்ள பாத்தா, பிளக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஆழக்குழிக்குள்ள இருக்குது. மேல தொப்பி மாதிரி ஒரு காயிலு. அதக் கழட்டிப்போட்டு, நீளமான ஸ்பேனர உள்ள உட்டு, குறுக்க ஒரு கம்பியச் சொருகித் திருகோணும். இருட்டுக்கசமா இருந்துச்சு. கோகிலா போன்ல லைட்டப் போட்டுட்டு, ஏறி முட்டி போட்டுக் குனிஞ்சு எனக்குக் காட்டுனா.

மொதப் பிளக்கு வந்துச்சு. ரெண்டாவதும் வந்துச்சு. ரெண்டுக்கும் புதுசு போட்டேன். போடறப்ப எவ்வளவு பதனம்ங்கறீங்க! கோணையா ஏறிட்டா மரை போயிரும், மரை போச்சுன்னா இஞ்சின் ஹெட்டே போச்சு. அதனால ஒரு ரப்பர் டியூப்ப பிளக்கு தலையில சொருகி, விரல் நுனியில மெதுவா, கொழந்தைக்குப் பாலாடையில பால் குடுக்கற மாதிரி திருகித் திருகி ஏத்துனேன். மூச்சுக்கூட உடலீங்க. கோகிலா பாத்துட்டே இருந்தா. "மரைன்னா அவ்வளவு முக்கியமுங்களா?"ன்னு கேட்டா. "பின்ன? மரை போனா எல்லாம் போச்சு"ன்னேன். அவ மூக்குத்தியத் தொட்டு ஒருக்காத் திருகிக்கிட்டா. அவ மூக்குத்தித் திருகாணி மரை தேஞ்சு லூசாயிருக்குது, ஆசாரிகிட்டக் குடுத்து வாங்கியாங்கன்னு பொங்கலுக்கு முந்தியிருந்தே சொல்லிட்டு இருந்தா. எனக்கெங்கீங்க நேரம்? வண்டிதான் உதறுதே.

மூணாவதையும் கழட்டிட்டேன். அங்கதான் பேராசை. புதுசப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருக்கோணும். நாலாவதையும் லூஸ் பண்ணி வெச்சுட்டா ரெண்டையும் ஒட்டுக்காப் போட்டறலாம்னு, மூணாவது ஓட்டையத் தொறந்தபடி உட்டுட்டு நாலாவதுக்குத் தாவுனேன். அது நகரல. துரு புடிச்சுக் கெட்டியா ஒக்காந்திருக்குது. தொங்கிப் பாத்தேன். பல்லக் கடிச்சுப் பாத்தேன். வீடியோக்காரன் சட்டையில ஒரு சுருக்கம்கூட உழுகல, எனக்கு வேட்டியே அவுந்து போச்சு. கோகிலா சொன்னா, "உட்டுருங்க, மூணு மாத்துனதே போதும், நாளைக்கு மெக்கானிக்க வரச் சொல்லலாம்"னா. டீக்கடையில மொகத்த எங்க கொண்டு போயி வெக்கறது? இந்தப் பைப்ப எடுத்துட்டு வந்தேன். கம்பி மேல சொருகுனேன். நீட்டம் சேந்தா பலம் சேரும்ல? மேல பாத்து ஒரே இழு.

டப்புன்னுச்சு. பிளக்கு கழண்டுருச்சுன்னு சந்தோசப்பட்டேன். கழலலீங்க, பாதியில ஒடஞ்சிருக்குது. பைப்பு நழுவி மேல வந்துச்சு. அவ குனிஞ்சிருந்தாளா, லேசா மூக்குல பட்டுருச்சு. பட்ட வேகத்துல மூக்குத்தி கழண்டு எகிறி, நேரா மூணாவது ஓட்டைக்குள்ள போயி டிங்னு ஒரு சத்தம். அவ்வளவுதானுங்க நடந்தது. இதுல நான் எங்கீங்க அடிச்சேன்?

நீங்களே சொல்லுங்க, இஞ்சினுக்குள்ள மூக்குத்தி. சாவியப் போட்டுத் திருப்புனா தீந்துச்சு, பிஸ்டனும் போயிரும், மூக்குத்தியும் மாவாயிரும். "லைட்ட ஆட்டாத புடி, ஆட்டாத புடி"ன்னு தலைய உள்ள உட்டுட்டேன். உள்ள அப்படி மினுங்குது. தெரியுது, ஆனா எட்டல. கம்பிய உட்டுப் பாக்கறேன், நகருது, அக்கட்டால உருளுது. ரொம்ப நேரம் இப்படியே. நடுவுல ஒண்ணு நெனச்சனுங்க, பரவால்லியே, மொதல்ல கை ஆடிட்டே இருந்துச்சு, இப்ப லைட்ட ஆணியடிச்ச மாதிரி ஆடாம புடிக்கறாளேன்னு. "சபாஷ் கோகிலா"ன்னுகூடச் சொன்னேன்.

அப்பறம் தண்ணி கேட்டேன். பதிலில்ல. மறுக்காவும் கேட்டேன். தலையத் தூக்கிப் பாத்தா, போன கியர் ராடு மேல சாச்சு நிறுத்தி வெச்சிருக்கறா. ஆளக் காணோம். வீட்டுக்குள்ள தேடுனா அங்கயும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சொன்னாங்க, மூக்குல துணிய வெச்சுப் புடிச்சுட்டு அப்பவே பஸ் ஏறிட்டாளாம்.

சிரிக்கறீங்க. சிரிங்க, நானே சிரிச்சேன். நான் ஒரு கியர் ராடப் பாத்துச் சபாஷ் சொல்லியிருக்கறனுங்க.

சரி, கோவம் தணிஞ்சா வந்துருவா, அதுக்குள்ள மூக்குத்திய எடுத்து வெச்சுட்டா சந்தோசப்படுவான்னு அதுலயே எறங்குனேன். மொதல்ல காந்தம். பழைய ஸ்பீக்கர ஒடச்சுக் காந்தத்த எடுத்து, நூல்ல கட்டிக் கெணத்துல வாளி உடற மாதிரி உட்டு, ஆட்டி ஆட்டி மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்பறந்தான் மண்டையில ஒறைக்குது, தங்கத்துல காந்தம் எங்கீங்க ஒட்டும்? கல்யாணமாகி இத்தனை வருசம் கழிச்சு, போட்டது நெஜத் தங்கந்தான்னு அன்னைக்குத்தான் உறுதியாச்சு.

அடுத்த நாளு, டியூப்ப உள்ள உட்டு வாய் வெச்சு உறிஞ்சலாம்னு ரோசனை. பலமா ஒரு இழுப்பு இழுத்தேன். மூக்குத்தி வரல, கரி வந்துச்சு. வாய், பல்லு, ஒதடு எல்லாம் கறுப்பு. அந்நேரம் பாத்துப் பால் ஊத்தற அக்கா வந்துட்டாங்க. நான் வாயத் தொறந்து "வாங்கக்கா"ன்னேன். அவங்க பால் போசிய அங்கயே போட்டுட்டு, "ஐயோ, பொண்டாட்டி போன வெசனத்துல இவன் என்னத்தையோ குடிச்சுப்போட்டான்"னு தெருவயே கூட்டிட்டாங்க. ரெண்டு பேரு என் கையப் புடிச்சுக்கறாங்க, ஒருத்தரு உப்புத் தண்ணியக் கரைச்சு வாயில ஊத்தறாரு. குடிக்கலீங்க, குடிக்கலீங்கன்னு கத்தறேன், கத்தக் கத்தக் கரி கரியா வருது. நம்புவாங்களா?

கடைசியில கொல்லிமலைப் பலாப்பழந்தானுங்க காப்பாத்துச்சு. அதுல வடியற பாலு இருக்குதுல்ல, கையில ஒட்டுனா எண்ணெய் போட்டாலும் போகாதே, அத ஈர்க்குச்சி நுனியில தடவி, உள்ள உட்டு, மெல்ல ஒரு ஒத்து ஒத்துனேன். ஒட்டிட்டு வந்துச்சு. மொத்தமா நாலு நாள் ஆயிருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு போங்க. இஞ்சின் தப்பிச்சுது! மூக்குத்தியும்தான். இதா பாருங்க, இந்தக் காயிதத்துக்குள்ள மடிச்சு வெச்சிருக்கறேன். பெட்ரோல்ல கழுவி, சோப்புப் போட்டு, பளிச்சுனு ஆக்கிட்டேன்.

ஒடஞ்ச நாலாவது பிளக்க மட்டும் எடுக்க முடியல. வண்டியக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயி மெக்கானிக்குக்கிட்டயே உட்டுட்டு வந்தேன். டீக்கடையத் தாண்டித்தான் இழுத்துட்டுப் போகோணும், வேற வழியே இல்ல. எல்லாரும் எந்திரிச்சு நின்னு, பொணம் போறப்ப நிக்கற மாதிரி நின்னாங்க. பேசாம நக்கல் பண்ணியிருந்தாக்கூடத் தேவலை.

அதெல்லாம் போச்சாதுங்க, போகட்டும். எனக்கு வெசனம் அதில்ல. அவ போன அன்னைக்குப் பொழுதோட மச்சான் போன் பண்ணுனாரு. கோகிலாவுக்கு அண்ணன், வையாபுரின்னு பேரு. நல்ல மனுசன், இதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்தை கடுசாப் பேசுனதில்ல. "ஏனுங்க மாப்ள, எங்க வீட்டுப் புள்ள மேல கை வெக்கற அளவுக்கு வந்துட்டீங்களா?"ன்னாரு. "மச்சான், மாரியாத்தா சத்தியமா நான் அடிக்கலீங்க, பைப்பு பட்டுருச்சு"ன்னேன். "பைப்புல வேற அடிச்சீங்களா?"ன்னாரு. நான் என்னத்தச் சொல்ல?

மூக்கு நல்லா வீங்கிருச்சாம். கண்ணுக்கடியில நீலம் பாஞ்சிருச்சாம். அத்தை அழுதாங்க போன்ல. லேசாத்தானுங்க பட்டுச்சு, அவ மூக்கு கொஞ்சம் எடுப்பான மூக்கு, அதனால கூடத் தெரியுது. அத நான் அத்தைகிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தை போன வெச்சுட்டாங்க, ஏன்னா அது அவங்க மூக்குதான் அவளுக்கும்.

இப்ப ஊரு ரெண்டாப் பேசுது. எங்கூர்ல நான் மருந்து குடிச்சவன், அவங்கூர்ல பொண்டாட்டிய அடிச்சவன். ஒரு பிளக்கு மாத்தப் போயி எனக்குக் கெடைச்ச பட்டத்தப் பாருங்க.

கோகிலா ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். "அவரு அடிக்கல, கை தவறிப் பட்டுருச்சு." இத்தனூண்டு. சொன்னாத் தீந்துச்சு. சொல்ல மாட்டேங்கறா. யாரு கேட்டாலும், "அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க"ங்கறாளாம். அப்படிச் சொன்னா கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? அடிச்சிருக்கறான், புள்ள வெளிய சொல்லக் கூசுதுன்னுதான நெனப்பாங்க?

மூக்குத்தி கெடச்ச அன்னைக்கு நானே அவளுக்குப் போன் பண்ணுனேன். "கோகிலா, எடுத்துட்டேன், பலாப்பால் வெச்சு எடுத்துட்டேன்"ன்னேன். "நான் அடிச்சனா? நீயே சொல்லு, பட்டது பைப்பா இல்லையா?"ன்னேன். "பைப்புதாங்க. இல்லைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"ன்னா. "அப்பறம் ஏன் வரமாட்டேங்கற?"ன்னேன். அதுக்குச் சொன்னா, "நீங்க வந்து எல்லாருக்கும் முன்னால என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லுங்க. முழுசாச் சொன்னீங்கன்னா நான் வந்தர்றேன்."

முழுசாச் சொல்றதுக்கு என்னுங்க? நான் என்னத்த மறைச்சேன்? நானே என்னையக் கேவலப்படுத்திட்டு உங்ககிட்ட அத்தனையும் சொல்லிட்டேனே. வேட்டி அவுந்ததுகூடச் சொல்லிட்டேன். வாயில சொன்னா நம்பமாட்டாங்கன்னுதான் ஸ்பேனரு, பைப்பு, பிளக்கு எல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். இன்னைக்கு அவங்க பெரியப்பா, சித்தப்பா எல்லாம் வந்து உக்காந்திருப்பாங்க. பேச்சே வேண்டாம். அவங்க முன்னால அப்படியே நடிச்சுக் காட்டிப்போடறேன். பைப்பு எங்க இருந்துச்சு, அவ எங்க இருந்தா, எப்படிப் பட்டுச்சு. பாத்தா ஒரு கொழந்தைக்குக்கூடப் புரிஞ்சுரும், இது அடிச்சதில்லைன்னு. அவ இல்லாம அந்த வீட்டுல உக்காந்து என்னால சோறு திங்க முடியலீங்க. கூட்டிட்டுத்தான் வரோணும்.

ஒரு ஒத்தாசை பண்றீங்களா? ஒருக்காப் பழகிப் பாத்துக்கறேன். அங்க போயித் தடுமாறுனா அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்க. உங்க தண்ணி பாட்டலக் குடுங்க. மூடியக் கழட்டிருங்க. இதுதான் மூணாவது ஓட்டை, தொறந்து கெடக்குது. இந்த சீட்டுக்கம்பிதான் நாலாவது பிளக்கு. நீங்க கோகிலா. கோச்சுக்காதீங்க. உங்க போன்ல லைட்டப் போட்டு இப்படிக் குனிஞ்சு புடிங்க. இன்னும் கிட்ட. அவ ரொம்பக் கிட்ட வந்துட்டா, எனக்கு நல்லாத் தெரியோணும்னு.

ஆச்சுங்களா? நான் இங்க. ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கறேன். மேல பாத்து இழுக்கறேன். பயப்படாதீங்க, மெதுவாத்தான். டப்பு. பைப்பு வருது. உங்க மூக்குல படுது. ம், நீங்க மூக்கப் புடிக்கோணும். ஐயோன்னு சொல்லாதீங்க, அவ சொல்லல. ஒரு மாதிரி "ம்"முன்னா, அவ்வளவுதான். ரெண்டு கையும் மூக்குக்குப் போயிருச்சு, அப்பவும் போன உடல பாத்துக்குங்க, மடக்குன விரலுக்குள்ள போனு இருக்குது. லைட்டு அவ மூஞ்சிலயே அடிக்குது. விரல் சந்துல ரத்தம் வருது. மூக்குத்தி ஓட்டைக்குள்ள போயிருச்சு, டிங். அவ அப்படியே என்னையப் பாக்கறா. நான் உடனே, தோள்ல துண்டு கெடந்துச்சு, இதா, இந்தத் துண்டுதான், டக்குனு எடுத்து

எடுத்து

ஓட்டையில வெச்சு அமுத்திட்டனுங்க.

அவ குனிஞ்சிருக்கறாளே, ரத்தம் சொட்டி இஞ்சினுக்குள்ள போயிரக் கூடாதுன்னு.

ஏனுங்க, லைட்ட அமத்துங்க. போதும்.

இல்ல, ஒண்ணுமில்லீங்க. நீங்க கையில மூக்கப் புடிச்சுட்டு இருக்கறீங்க, நான் துண்ட வெச்சு உங்க பாட்டல் வாயப் பொத்திட்டு உக்காந்திருக்கறேன். இத்தனை நாளா, பைப்பு நழுவுனது வரைக்குந்தான் எனக்கு ஞாபகம். அதுக்கப்பறம் மூக்குத்தி எடுத்ததுக்குத் தாவிருவேன். நடுவுல இது இருந்திருக்குது. அவளத் தள்ளிக்கூட நிக்கச் சொன்னனுங்க. "தள்ளு தள்ளு, உள்ள சொட்டுது"ன்னு. சொன்னேன். இப்பத்தான் காதுல கேக்குது.

கையில துண்டு இருந்துச்சே. அத அவ மூக்குல வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? இஞ்சின் போயிருக்குமா? போகட்டுமே. மனுசனாங்க நானு?

பாட்டல எடுத்துக்குங்க. துண்டு சுத்தந்தான், தொவச்சதுதான். வாயத் தொடச்சுட்டே குடிங்க.

கண்டக்டர் கூப்படறாரு. வேலாங்காடு, வேலாங்காடு. ஆமாங்க, நான்தான் எறங்கோணும். விசில் குடுத்தறாதீங்க, வந்துட்டேன். இல்லீங்க, பை வேண்டாம். பைப்பும் வேண்டாம். துறையூர்ல எங்கயாவது போட்டுருங்க, இல்ல நீங்களே வெச்சுக்குங்க, நல்ல ஸ்பேனருதான். இதக் கையில வெச்சிருந்தா நான் மறுக்காவும் இதப் பத்தியேதான் பேசுவேன்.

அதா, ரோட்டோரம் சட்டையில்லாம நிக்கறாரே, அவருதான் வையாபுரி மச்சான். கூட்டிட்டுப் போக வந்திருக்கறாரு. மொகத்தப் பாருங்க. அடிச்சனா இல்லையான்னு கேப்பாரு, கேட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள உடுவாரு. அடிச்சேன்னே ஒத்துக்கலாம் போல இருக்குதுங்க. இதச் சொல்றதுக்கு அது தேவலை.